பாஸ்வேர்ட் மறந்துபோனதற்கு ஹார்ட் டிஸ்க்கையே கழற்றிக்கொண்டார்கள்

கும்பகோணத்தில் அப்பா வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் 2011-இல் வாங்கியது. ரிட்டயர்மென்ட் பணத்தில் சென்னை ரிட்சி தெருவுக்குப் போய், பாகம் பாகமாகப் பார்த்து வாங்கி அசெம்பிள் செய்தார். விண்டோஸ் 7. கண் ஆபரேஷன், அப்புறம் என் வீட்டில் கொஞ்ச நாள் என்று ஒன்றரை வருடம் அதை யாரும் தொடவில்லை. ஊருக்குத் திரும்பிப் போய் ஆன் செய்தால் பாஸ்வேர்ட் கேட்கிறது, அப்பாவுக்கு ஞாபகம் இல்லை. தப்பாக அடித்தால் கீழே ஒரு குறிப்பு வரும் அல்லவா, அதில் ‘வழக்கமானது’ என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எதுப்பா வழக்கமானது என்று கேட்டால், “அதாம்மா எனக்கும் தெரியல” என்கிறார்.

உள்ளே என்ன இருந்தது என்று சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் புரியும். 2012-இல் நடந்த என் கல்யாணப் படங்கள். அடுத்த வருடம் தாத்தா பாட்டிக்கு நடந்த சதாபிஷேகப் படங்கள். அப்பா நாலைந்து வருடம் உட்கார்ந்து தட்டச்சு செய்த எங்கள் ஊர் வரலாறு. எதற்கும் வேறு நகல் கிடையாது. கேமராவின் மெமரி கார்டு எப்போதோ தொலைந்துவிட்டது.

நான் சென்னையிலிருந்து போனில் சொல்லிப் பார்த்தேன், சரிவரவில்லை. பக்கத்தில் ஒரு சர்வீஸ் கடை இருக்கிறது என்று அப்பா சிபியூவை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனார். பாஸ்வேர்டை எடுக்க 500 ரூபாய், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். சாயங்காலம் போனால், “சார், பாஸ்வேர்ட் பிரச்சினை இல்ல, ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு. கிளிக் கிளிக்னு சத்தம் வருது” என்று சொல்லியிருக்கிறார்கள். டேட்டாவை மீட்க முயற்சி செய்ய 1,000. புது ஹார்ட் டிஸ்க் 2,400. “பழையது 500 ஜிபி, இப்ப 1 டிபி போட்டிருக்கோம் சார், உங்களுக்கு லாபம்தான்.” மூன்று நாள் கழித்து, டேட்டா ஒன்றும் வரவில்லை என்ற செய்தியோடு கம்ப்யூட்டர் வந்தது. மொத்தம் 3,900. பில் கேட்டதற்கு ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு. அதன் அடியில் பொடி எழுத்தில், ‘டேட்டா இழப்புக்குக் கடை பொறுப்பல்ல’.

அப்பா எனக்கு இரண்டு நாள் சொல்லவில்லை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போனேன். திருச்சியில் படிக்கும் அண்ணன் மகனும் வந்திருந்தான். அவன் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு அந்தப் ‘புது’ டிஸ்க்கைப் பார்த்தான். டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று அதில் ஒரு வரி வரும். 27,000-க்கும் மேல் காட்டியது. வருடத்துக்கு 8,760 மணி நேரம். அப்படியானால் மூன்று வருடத்துக்கு மேல் ராப்பகலாக ஓடிய சரக்கு. ஆனால் ஆன் செய்யப்பட்ட தடவைகள் நூறுகூட இல்லை. வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படியா ஓடும்? பக்கவாட்டுத் தகட்டின் இரண்டு திருகாணியைக் கழற்றி எட்டிப் பார்த்தோம். ஊதா நிற ஸ்டிக்கர். சிசிடிவி ரெக்கார்டரில் போடுவதற்கென்றே விற்கிற வகை. எந்தக் கடையின் கேமராப் பெட்டியிலிருந்து கழற்றியதோ, அப்பாவுக்குப் புதுசு என்று தலையில் கட்டியிருக்கிறார்கள்.

சரி, எங்கள் பழைய டிஸ்க் எங்கே?

கடைக்குப் போய்க் கேட்டேன். “ஸ்கிராப்ல போட்டாச்சு மேடம்.” எப்போது போட்டீர்கள், யார் எடுத்துப் போனார்கள் என்று கேட்டதும், “டெக்னிக்கல் மேட்டர், உங்களுக்குச் சொன்னா புரியாது” என்று கடைக்காரர் என்னை விட்டுவிட்டு அண்ணன் மகனிடம் பேச ஆரம்பித்தார். அவனுக்கு வயது பத்தொன்பது. அப்போதுதான் அப்பா கையிலிருந்த மஞ்சப் பையை மேஜைமேல் வைத்தார். வாங்கிய பொருளுக்கெல்லாம் பில் வைத்திருப்பது அவர் பழக்கம். வீட்டில் நாங்கள் கேலி செய்வோம், இனிமேல் செய்ய மாட்டோம். 2011 ரிட்சி தெரு பில்லில், வாரண்டிக்காக ஹார்ட் டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் பேனாவால் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

கடைக்குள் ஒரு மூலையில் ஏழெட்டு டிஸ்க் அடுக்கியிருந்தது. அண்ணன் மகன் யாரையும் கேட்காமல் ஒவ்வொன்றாகத் திருப்பி ஸ்டிக்கரைப் படித்தான். ஐந்தாவது எங்களுடையது. கடைக்காரர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “அட, பசங்க தெரியாம வச்சிருக்காங்க” என்றார். ஸ்கிராப்பில் போன டிஸ்க்குக்கு அவ்வளவு நேர்த்தியாக ஒரு பிளாஸ்டிக் உறை.

வீட்டுக்கு வந்து, டிஸ்க்கை வெளியிலிருந்து யுஎஸ்பி வழியாக இணைக்கிற பெட்டி ஒன்றில் மாட்டிப் பார்த்தோம். கிளிக்கும் இல்லை, கிளாக்கும் இல்லை. ஒரு செக்டார்கூடக் கெடவில்லை. ஆனால் சி, டி என்று இருந்த பழைய பார்ட்டிஷன்களை அழித்து ஒன்றாக்கி, ஃபார்மட் செய்து, மேலே விண்டோஸ் 10 ஏற்றியிருந்தார்கள். அடுத்து வருகிறவருக்கு விற்கத் தயார் நிலை.

இந்த இடத்தில் ஒன்றை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கும் அன்றுவரை தெரியாது. பாஸ்வேர்ட் மறந்ததால் கோப்புகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. விண்டோஸ் 7 மாதிரிப் பழைய சிஸ்டத்தில், அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாக்கிய சாதாரணக் கணக்கின் பாஸ்வேர்ட், சாம் என்ற ஒரு சின்னக் கோப்பில், நேராகப் படிக்க முடியாத மாற்றுக்குறி வடிவில் இருக்கிறது. வாசலில் நிற்கிற வாட்ச்மேன் மாதிரி, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சாமான்களுக்குப் பூட்டு எதுவும் கிடையாது. உபுண்டு என்ற இலவச இயங்குதளம் போட்ட ஒரு பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரை பூட் செய்தால், பாஸ்வேர்டே கேட்காமல் எல்லாப் படங்களையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்துவிடலாம். டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டியும் எடுக்கலாம். அதற்கப்புறம் பாஸ்வேர்டை வெற்றாக்குவதற்கு, நார்வேக்காரர் பெட்டர் நோர்டால்-ஹாகன் எழுதிய ஒரு கருவி பல வருடங்களாக இலவசமாகவே கிடைக்கிறது. கைப்பழக்கம் உள்ளவருக்குப் பத்து நிமிட வேலை. கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது. 500 ரூபாய்க்கு அவர் செய்ய ஒப்புக்கொண்ட வேலை இதுதான்.

விண்டோஸ் எக்ஸ்பியாக இருந்தால் இன்னும் சுலபம். ஆன் செய்யும்போது எஃப்8 அழுத்தி சேஃப் மோடில் போனால் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று ஒரு கணக்கு நிற்கும். ஹோம் எடிஷனில் அதற்கு யாரும் பாஸ்வேர்ட் போட்டிருக்காவிட்டால் அப்படியே உள்ளே போய்விடலாம். அதற்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்து அந்தக் கணக்கை முடக்கியே கொடுக்கிறார்கள். விண்டோஸ் 8 முதல், மைக்ரோசாஃப்ட் கணக்கு ஈமெயிலால் உள்ளே போகிறவர்கள் மைக்ரோசாஃப்ட் தளத்திலேயே மாற்றிக்கொள்ளலாம், யாரிடமும் கொண்டுபோகத் தேவையில்லை. ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. டிஸ்க்கையே பூட்டிவைக்கிற பிட்லாக்கர் வசதி போட்டிருந்தால் 48 இலக்க ரெக்கவரி எண் இல்லாமல் ஒன்றும் நடக்காது. புரஃபஷனல் எடிஷனில் தனியாக என்கிரிப்ட் செய்து வைத்த கோப்புகள், இப்படி வெளியிலிருந்து பாஸ்வேர்டை அழித்தால் திறக்காமல் போகும். குரோமில் சேமித்த பாஸ்வேர்ட்களும் போய்விடும். அதனால்தான் முதலில் நகல், அப்புறம் மற்றதெல்லாம்.

நெட்டில் ‘கஸ்டமர் கேர்’ என்று தேடி வருகிற நம்பருக்கு மட்டும் போன் செய்துவிடாதீர்கள். எங்கள் சித்தி அப்படித்தான் ஒருவன் பேச்சைக் கேட்டு, தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து இயக்கவிடும் எனிடெஸ்க் செயலியைப் போனில் போடுகிற வரைக்கும் போய்விட்டார். நல்லவேளையாகச் சித்தப்பா உள்ளே வந்து போனைப் பிடுங்கினார்.

மீட்ட கதைக்கு வருகிறேன். அண்ணன் மகன் முதலில் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் முழு நகல் ஒன்று எடுத்துக்கொண்டான். விரைவு ஃபார்மட் என்பதால் பழைய டேட்டா முழுக்க அழிந்திருக்காது, மேலே எழுதப்பட்ட இடம் மட்டும்தான் போயிருக்கும் என்றான். டெஸ்ட்டிஸ்க் என்ற கருவி பழைய டி டிரைவ் எங்கே ஆரம்பித்து எங்கே முடிந்தது என்று கண்டுபிடித்துவிட்டது. என் கல்யாணப் படங்கள் பெயர், தேதி எல்லாவற்றோடும் வந்தன. அப்பாவின் ஊர் வரலாறும், சதாபிஷேகப் படங்களும் டெஸ்க்டாப்பிலேயே இருந்தவை, அதாவது சி டிரைவில். அதன்மேல்தான் விண்டோஸ் 10 உட்கார்ந்திருந்தது. அங்கே, அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கிற ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓட்டினோம், விடிய விடிய. காலையில் பார்த்தால் ஃபோல்டருக்கு ஐந்நூறு கோப்பு வீதம் நாற்பது ஃபோல்டர். எதற்கும் பெயர் கிடையாது, வெறும் எண்கள். இன்டர்நெட் பார்த்தபோது சேர்ந்த குட்டிப் படங்கள், விளம்பரங்கள், சாமி படங்கள், நடுவில் திடீரென்று ஒரு தாத்தா.

ஊர் வரலாறு ஏழு துண்டாகக் கிடைத்தது. திறந்தால் கோழிக் கிறுக்கல். அப்பா தட்டச்சு செய்த பாமினி எழுத்துருவைத் தேடிப் போட்டதும் தமிழானது. நடுவில் எத்தனை பக்கம் போயிற்று என்று அப்பா இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். சதாபிஷேகப் படங்களில் முப்பத்தொன்று முழுசாக வந்தன. இன்னும் சில, மேல் பாதி சரியாகவும் கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறமாகவும் இருக்கின்றன. பாட்டி கலசத் தண்ணீர் பட்டுச் சிலிர்த்துச் சிரிக்கிற ஒரு படம், மூக்குத்தி வரைக்கும் இருக்கிறது. அதற்குக் கீழே இல்லை.

கம்ப்யூட்டரைக் கடையில் கொடுக்கப்போகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து: கடைக்குப் போகுமுன் பக்கத் தகட்டைத் திறந்து ஹார்ட் டிஸ்க் ஸ்டிக்கரைப் போனில் படம் எடுத்துவிடுங்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு, பென் டிரைவ் வேலை தெரிந்த யாரையாவது வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ‘ஃபார்மட் செய்தால்தான் ஆகும்’ என்று எவர் சொன்னாலும் சிபியூவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பாகம் ஏதாவது மாற்றினால் பழையது கையில் வந்தாக வேண்டும், செத்துப்போயிருந்தாலும்.

பில் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். சீட்டின் அடியில் பொறுப்பல்ல என்று அச்சடித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பயந்துகொள்ள வேண்டாம். நான் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட விவகாரத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது என்றும் தெரிந்துகொண்டு, கடைக்கு ஒரு நோட்டீஸைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். மிரட்டல் எதுவும் இல்லை. தேதி, தொகை, இரண்டு டிஸ்க்கின் சீரியல் நம்பர், அவ்வளவுதான் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அப்பாவின் போனுக்கு 2,400 ரூபாய் வந்து விழுந்தது. மறுநாள் ஒரு பையன் வீட்டு வாசலில் வந்து நின்று, “அந்த ஊதா டிஸ்க்கைக் குடுத்துருங்க சார், ஓனர் கேக்குறாரு” என்றானாம். பாக்கி 1,500-ஐயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வாங்கிப் போகச் சொல்லியிருக்கிறார் அப்பா. டிஸ்க் இப்போது மஞ்சப் பையில், அந்த எஸ்டிமேட் சீட்டோடு இருக்கிறது.