உசிலம்பட்டிப் பக்கம் நான்கு பள்ளிக்கூடம்: பிள்ளையை எதில் போடுவது?

2025 ஜூன், பள்ளிக்கூடம் திறந்த வாரம். தங்கச்சி போன் போட்டாள். "அண்ணே, பாப்பாவ ஒண்ணாப்புல சேக்கணும். வேன் வர்ற ஸ்கூலுக்கெல்லாம் கட்ட நம்மால முடியாது. சுத்துப்பட்டுல நாலு பள்ளிக்கூடம் இருக்கு, எதுல போடுறதுன்னு வந்து பாத்துச் சொல்லு." அவள் வாக்கப்பட்ட ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. இரண்டு நாள் தங்கி நான்கையும் பார்த்தேன்.

நான்கிலும் நான்கு விதமான போர்டு. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, அரசு கள்ளர் தொடக்கப் பள்ளி, அரசு ஆதிதிராவிடர் நலத் தொடக்கப் பள்ளி, மிஷன் நடத்தும் உதவி பெறும் நடுநிலைப் பள்ளி. கள்ளர் பள்ளி மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களுக்கே உரியது. சில சாதிகளையே பிறவிக் குற்றவாளிகள் என்று முத்திரை குத்திய வெள்ளைக்காரன் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்த கள்ளர் மக்கள்மீது 1920-இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்ததே, அந்தக் காலத்துச் சீரமைப்புத் திட்டத்தில் முளைத்த பள்ளிகள் இவை. இன்றும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் கையில்தான் இருக்கின்றன. எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 பட்ஜெட்டில் அறிவித்தபோது இந்தப் பக்கம் கிளம்பிய எதிர்ப்பு, இவற்றை ஊர் தன்னுடைய பள்ளியாகப் பார்க்கிறது என்பதைக் காட்டியது.

புத்தகம் நான்கிலும் ஒன்றுதான். மதியம் சத்துணவும் அப்படியே. காலை உணவு 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில். உப்புமா எங்கும் உப்புமாதான், அதை விட்டுவிடுவோம்.

நான் முதலில் எண்ணியது வாத்தியார்களை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று. வகுப்போ ஐந்து. ஒன்றியப் பள்ளி ஈராசிரியர் பள்ளி. நான் போன அன்று ஹெச்.எம். கூட்டத்துக்குப் போயிருந்தார், ஒரே டீச்சர் ஐந்து வகுப்பையும் இரண்டு அறையில் வைத்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். கெட்டிக்கார டீச்சர், அதில் சந்தேகமில்லை. வாசிக்கவும் கணக்குப் போடவும் பழக்கும் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு சின்னப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துச் சேர்த்தே உட்கார வைப்பதால் ஓரளவு ஓடுகிறது. ஆனால் நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் அன்று முழுக்கப் பார்த்து எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

கள்ளர் பள்ளியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். கட்டடம் மட்டும் பெரிசு, பிள்ளைகள் குறைவு.

ஆதிதிராவிடர் நலப் பள்ளி எனக்கு ஆச்சரியம். மூன்று ஆசிரியர், மூன்று பேரும் வகுப்பில். மூன்றாவது படிக்கும் ஒரு பையனிடம் பாடப்புத்தகத்தில் ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து கொடுத்தேன், தட்டாமல் வாசித்தான். எல்லா நலப் பள்ளியும் இப்படி என்று சொல்ல மாட்டேன். இவற்றை நடத்தும் மாவட்ட நல அலுவலர் கல்வித் துறைக்காரர் அல்ல. அதனால் உள்ளே இருக்கும் ஹெச்.எம். நன்றாக அமைந்தால் பள்ளி நன்றாக இருக்கும், இல்லாவிட்டால் கேட்க நாதியில்லை.

மிஷன் பள்ளியின் பலம் ஆசிரியர்கள் மாறாதது. சம்பளம் அரசு கொடுத்தாலும் நியமிப்பது நிர்வாகம், ஒன்றியப் பள்ளிபோல வருடா வருடம் டிரான்ஸ்பர் கவுன்சிலிங் கிடையாது. தங்கச்சி வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்த டீச்சர் இன்னும் அங்கே இருக்கிறார். பலவீனமும் அதுவேதான்: சரியில்லாத ஆள் அமைந்துவிட்டால் ஓய்வு பெறும்வரை அவர்தான். ஆங்கில வழி வேண்டுமென்றால் அங்கே சுயநிதிப் பிரிவு, காசு கட்ட வேண்டும். மற்ற மூன்றிலும் கட்டணம் என்ற பேச்சே கிடையாது.

ஐந்தாவது வரை போர்டில் என்ன எழுதியிருந்தால் என்ன என்பதே என் எண்ணம். ஆறாவதில் அப்படி இல்லை. மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் அது வந்தது. கள்ளர் பள்ளியும் நலப் பள்ளியும் இதில் அரசுப் பள்ளிக் கணக்கு. உதவி பெறும் பள்ளி கணக்கில் இல்லை. மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்தில் மட்டும் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களை 2024 கடைசியில் சேர்த்தார்கள். ஆக, மிஷன் பள்ளியில் சேர்த்து, எட்டாவது வரை இருக்கிறதே என்று அங்கேயே விட்டுவிட்டால், பாப்பாவுக்கு 7.5 கையை விட்டுப் போகும். அந்த ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியவில்லை.

நலப் பள்ளியில் போடு என்றேன். தங்கச்சி ஒன்றும் பேசவில்லை. அவள் மாமியார்தான் பேசினார். "அங்கயா? ஊரு என்ன சொல்லும்?" சேர்க்கை விதியில் சாதித் தடை எதுவும் இல்லை, யார் பிள்ளையும் சேரலாம் என்றேன். அந்த அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நாங்கள் என்ன சாதி என்பது இங்கே தேவையில்லை. அந்தத் தெருவுக்குப் பிள்ளையை அனுப்பாத சாதி. நான்கில் நல்ல பள்ளி எது என்று கண்ணால் பார்த்த பிறகும் எங்கள் வீட்டில் அது எடுபடவில்லை.

மறுநாள் மிஷன் பள்ளியில் சேர்த்தார்கள், தமிழ் வழியில். அஞ்சாவது முடிந்த கையோடு டி.சி. வாங்கி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாற்றிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். தங்கச்சி அதைப் பாப்பாவின் ஆதார் ஜெராக்ஸுக்குப் பின்னால் எழுதி வைத்திருக்கிறாள்: 'ஏப்ரல் 2030, டி.சி.'