அம்மாவுக்குத் தண்டையார்பேட்டை மாடி வீடா, கோவை முதியோர் குடியிருப்பா?

அம்மாவுக்கு 74 வயது. அப்பா போன பிறகு சென்னை தண்டையார்பேட்டையில் மாடி வீட்டில் தனியாக இருக்கிறார். கோவைப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் 10 நாள் தங்க வைத்தும் பார்த்துவிட்டோம்.

அங்கே எனக்கு முதலில் பிடித்தது பாத்ரூம்தான். பிடித்து எழ ஒரு கம்பி, வழுக்காத தரை, வாசலில் படியே கிடையாது, கட்டில் தலைமாட்டில் ஒரு பட்டன், அழுத்தினால் நர்ஸ் வருவார். எங்கள் வீட்டில் 19 படி, அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு நடுவில் ஒருமுறை நின்றுதான் ஏறுவார்.

ஆனால் சாப்பாடு? இந்த மாதிரி இடங்கள் பலவற்றில் பொதுச் சமையல் சைவம்தான். காசிமேட்டு மீனில் வளர்ந்தவர், ஆறாம் நாள் போனில் "இப்போ சங்கரா வருதா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை மெட்ரோ ஏறித் திருவொற்றியூர் தேரடியில் இறங்கி வடிவுடையம்மனைப் பார்த்துவிட்டு வருகிறவரை அங்கே எப்படி உட்கார வைப்பது?

தெருவில் மீன்கார அக்கா தினமும் காலையில் கீழே நின்று குரல் கொடுப்பார். போன மழைக்காலத்தில் அம்மா பாத்ரூமில் விழுந்து கிடந்த அன்று, பதில் வராததால் எதிர்வீட்டுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு மேலே ஏறியது அவர்தான். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்கே தகவல் வந்தது. சரி, அதுவே இரவு 2 மணிக்கு விழுந்திருந்தால்? அந்த ஒரு விஷயத்தில் குடியிருப்புதான் மேல், அதை நான் மறுக்க மாட்டேன்.

பணக்கணக்கில் நிதானம் வேண்டும். விலைக்கு வாங்கினால் பத்திரம் நம் பெயரில் இருக்கும், ஆனால் பல இடங்களில் 55 அல்லது 60 வயது ஆனவர்கள்தான் குடியிருக்க முடியும், அதனால் பிள்ளைகளுக்கு வந்தாலும் அவர்கள் அங்கே வாழ முடியாது, விற்கவும் நாளாகும், பூட்டிக் கிடந்தாலும் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும். வாடகையோ லீஸோ என்றால் பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம். படுக்கையில் விழுந்தாலோ மறதி நோய் வந்தாலோ தொடர்ந்து வைத்துக்கொள்வார்களா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பல இடங்கள் தானே நடமாட முடிந்தவர்களுக்கு மட்டும்தான்.

பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டைத் தானமாக எழுதுகிறவர்களும் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே போட்டுவிடுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் 2007ஆம் ஆண்டு முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆவது பிரிவைக் காட்டி ரத்து செய்யக் கேட்கலாம்.

நாங்கள் வீட்டை விற்கப்போவதில்லை. கீழ் போர்ஷனில் குடியிருப்பவர்கள் தை மாதம் காலி செய்கிறார்கள், அம்மா அங்கே இறங்கிவிடுவார். இரவில் துணைக்குப் படுக்க அதே தெருவில் ஒரு அக்கா ஒத்துக்கொண்டிருக்கிறார், மாதச் சம்பளம் பேசியாகிவிட்டது. பாத்ரூமில் கம்பி பதிக்க ஆளும் சொல்லிவிட்டேன். அதற்கு மேலும் முடியாத நாள் வந்தால் கோவையில் மூன்று மாதம் வாடகைக்கு எடுத்துப் பார்ப்போம், அதுவும் அம்மா சரி என்றால்தான்.