தோட்ட ஆபீஸ் சர்வருக்கு எந்தப் பூட்டு?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட ஆபீஸ்களுக்குக் கணினி பார்த்துக் கொடுப்பது என் தொழில். சம்பளக் கணக்கு, செம்பனைக் குலைக் கணக்கு எல்லாம் ஒரே விண்டோஸ் சர்வரில், அதாவது ஆபீசின் பொதுக் கணினியில்தான் கிடக்கும். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) வீட்டிலிருந்தும், கணக்கு சரிபார்ப்பவர் ஈப்போவிலிருந்தும் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக, அதாவது சர்வரின் திரையைத் தூரத்திலிருந்தே திறந்து, நுழைவார்கள். ஒரு தோட்டத்தில் அதற்கான வாசலான 3389 போர்ட்டை ரூட்டரில் இணையம் முழுவதற்கும் திறந்தே போட்டிருந்தார்கள். சர்வரின் பதிவேட்டைப் பார்த்தால் 4625, 4625 என்று பக்கம் பக்கமாகத் தோற்றுப்போன நுழைவுகள்; நுழைவு தோற்றால் விண்டோஸ் போடும் எண் அது.

"போர்ட்ட மாத்திட்டா போதாதா தம்பி?" என்றார் கிராணி. மாற்றிப் பார்த்தோம். சில நாளில் அதே கூத்து. கடவுச்சொல்லுக்கு மேல் இன்னொரு சான்று கேட்டே ஆக வேண்டும், சரி. அதை எந்த இடத்தில் கேட்பது?

முதல் வழி, சர்வரிலேயே கேட்பது. டுவோ மாதிரியான மென்பொருளை விண்டோஸில் பதித்தால், கடவுச்சொல் அடித்த பிறகு கைப்பேசிக்கு ஒப்புதல் கேட்டு வரும். 10 பேர் வரை இலவசம், அரை நாளில் வேலை முடியும். சின்ன ஆபீசுக்கு இனிக்கிற விலை. ஆனால் அது காப்பது திரையில் நுழைவதை மட்டும்தான். பகிர்ந்த கோப்புறைகளும், தூரத்திலிருந்து கட்டளை அனுப்பும் பவர்ஷெல் வழியும் பழையபடியே இருக்கும். இன்னொன்று: டுவோவின் சேவையைத் தொடர்புகொள்ள முடியாவிட்டால், இரண்டாம் சான்று கேட்காமலே உள்ளே விடுவதுதான் அதன் இயல்பான அமைப்பு. மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால், இணையம் அறுந்துபோன சம்பள நாளில் சர்வர் முன்னால் உட்கார்ந்திருக்கும் கிராணியே வெளியில் நிற்பார்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. 2019இல் வெளிவந்த புளூகீப் ஓட்டை, கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே ரிமோட் டெஸ்க்டாப் சேவையை உடைக்கக்கூடியது. அங்கே இரண்டாம் சான்றுக்கு வேலையே வராது. போர்ட் வெளியே தெரியும்வரை இந்த வழியை மட்டும் நம்பி நான் தூங்க மாட்டேன்.

இரண்டாவது மைக்ரோசாப்டின் வழி. ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே என்ற வாயிற்காவலனை முன்னால் நிறுத்தினால் 3389 மறைந்து, பாதுகாப்பான இணையத்தளங்கள் பயன்படுத்தும் 443 போர்ட் மட்டும் வெளியே தெரியும். என்பிஎஸ் நீட்சி என்ற இணைப்பு மென்பொருள் வழியாக மைக்ரோசாப்டின் இணையக் கணக்குச் சேவையான என்ட்ரா ஐடியோடு இணைத்தால் கைப்பேசியில் ஒப்புதல் கேட்கும். இதற்கு எல்லாக் கணக்குகளையும் ஒரே இடத்தில் ஆளும் டொமைன், சர்வரின் அடையாளத்தைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ், ஆளுக்கொரு என்ட்ரா பி1 கட்டண உரிமம் எல்லாம் வேண்டும். திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் அடிக்கும் முறையை மைக்ரோசாப்ட் 2023 மே மாதம் கட்டாயமாக்கியது. ஆனால் கேட்வே வழியில் அந்த எண்ணைக் காட்ட இடமில்லை, வெறும் 'சரி', 'வேண்டாம்' பொத்தான்தான். கடவுச்சொல்லைத் திருடியவன் திரும்பத் திரும்ப ஒப்புதல் கேட்க, தொல்லை தாங்காமல் யாராவது 'சரி'யை அழுத்திவிட்டால் கதை முடிந்தது. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் அப்படித்தான் நுழைந்தார்கள். கோலாலம்பூர் தலைமையகத்துக்கு இந்த வழி பொருந்தலாம். மூன்று பேர் ஆபீசுக்கு, ஈ அடிக்கப் பீரங்கி.

மூன்றாவது விபிஎன், அதாவது வெளியிலிருந்து ஆபீஸ் வலைக்குள் வரும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை. ஓபன்விபிஎன் ஆக்சஸ் சர்வர் என்ற மென்பொருளில் ஒரே நேரத்தில் இரண்டு இணைப்பு வரை இலவசம், எங்களுக்கு அது போதும். 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணை, கைப்பேசிச் செயலி காட்டுவதை, அதுவே கேட்கும். 3389ஐ வெளியே அடைத்துவிடலாம். இதிலும் ஓட்டை உண்டு. கிராணி மகனின் விளையாட்டு வைரஸும் அதே மடிக்கணினியில் உள்ளே வரும். அதனால் விபிஎன்னில் வருபவருக்கு சர்வரின் அந்த ஒரு போர்ட்டை மட்டும் விடுகிறேன். விபிஎன் பெட்டிக்கும் அப்டேட் போட்டே ஆக வேண்டும். கரண்ட் போய் வந்த பின் அதன் கடிகாரம் தப்பினால் எந்த எண்ணையும் ஏற்காது. ஒரு முறை அரை நாள் இதிலேயே போனது.

எண்ணை எப்படி வாங்குவது என்பதில் எங்கள் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. மலையடிவாரத்து ஸ்டாஃப் வீடுகளில் வைஃபை இருக்கும், கைப்பேசி லைன் இருக்காது. குறுஞ்செய்தி வராது. வங்கிகளையே குறுஞ்செய்தியில் வரும் டேக் நம்பரை (ஒருமுறைக் கடவு எண்) விட்டு நகரும்படி மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022இல் சொல்லிவிட்டது, அதைக் கழித்துவிடலாம். கைப்பேசியில் 'சரி' அழுத்தும் புஷ் ஒப்புதல் வைஃபையில் வரும். செயலி தானே உருவாக்கும் எண்ணுக்கு இரண்டும் வேண்டாம். அதிகாரி போல் நடித்து ஏமாற்றும் மக்காவ் மோசடிக்காரன் போனில் கேட்டால் அந்த எண்ணையும் சொல்லிவிடுவார்கள் என்பது வேறு கதை. கணினியில் செருகும் சில்லு அட்டையான ஸ்மார்ட் கார்டு அந்த வம்பையும் தடுக்கும், ஆனால் சான்றிதழ் வேலையைக் கட்டி மேய்க்க இங்கே ஆளில்லை.

என் தேர்வு விபிஎன். அதற்கு மேல் சர்வரை முழுதாக ஆளும் அட்மின் கணக்குக்கு மட்டும் டுவோ. கிராணி கடைசியாகக் கேட்டது: "போன் தொலைஞ்சா?" போன் இல்லாமல் டுவோவைக் கடக்க அட்மினுக்கு வாங்கி வைத்த மாற்று எண்களையும், புதுப் போனில் அந்த ஆறு இலக்க எண்ணை மறுபடி உருவாக்க உதவும் விபிஎன்னின் ரகசியக் குறியீட்டையும் தாளில் எடுத்து, உறையில் ஒட்டி, ஆபீஸ் இரும்புப் பெட்டியில் வைத்தோம். முன்பு சம்பளப் பணம் இருந்த பெட்டி அது. இப்போது சம்பளம் வங்கிக்குப் போய்விடுவதால் உள்ளே இடம் தாராளம்.