எங்கள் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம்: கடை நன்று, இயக்குநர் சபை அப்படியில்லை

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் உள்ள எங்கள் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நான் பழைய அங்கத்தவன். அதன் கடையைப் பற்றிக் குறைகூற அதிகமில்லை: நிறை சரியாக இருக்கிறது, விலைப்பட்டியல் வெளியில் தொங்குகிறது, மிச்சக் காசுக்குப் பதிலாக இனிப்பை நீட்டும் வழக்கமும் இல்லை. சங்கத்தின் கிராமிய வங்கியில் நகை அடகு வைக்க வருபவரை முகஞ்சுளிக்காமல் நடத்துகிறார்கள். வட்டியையும் முதலிலேயே எழுதிக் காட்டிவிடுகிறார்கள். ஆயினும், பங்குப்பணம் கட்டியவர்களே உரிமையாளர்களாக உள்ள ஒரு நிறுவனத்தை அரிசியையும் பருப்பையும் மட்டும் வைத்து மதிப்பிட முடியாது. அதை ஆளும் சபை எப்படித் தெரிவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏமாற்றம் அங்கேதான். ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தெரிவு தொடங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "அண்ணை, இந்தமுறையும் நீங்களே இருங்கோ" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் ஆமோதிக்கிறார். வேறு பெயர் உண்டா என்று கேட்டு முடிப்பதற்குள் கைதட்டல் எழுந்துவிடுகிறது. வங்கி வரிசையில் பெரும்பாலும் பெண்களையே காண்கிறேன்; கூட்டத்திலோ அவர்கள் பின்கதிரைகளில் இருக்கிறார்கள், மேடையில் இருக்கும் ஒரே பெண் கூட்ட அறிக்கை எழுதும் ஊழியர்.

தொடர்ந்து இரு தவணை இருந்தவர் விலக வேண்டும் என்று துணைவிதியைத் திருத்தியபோது நான் மகிழ்ந்தேன். நடந்தது என்னவென்றால், தலைவர் உபதலைவரானார், உபதலைவர் தலைவரானார். விதி பதவியைக் கட்டுப்படுத்தியதே தவிர ஆளைக் கட்டுப்படுத்தவில்லை. சபையில் எந்தப் பதவியில் இருந்தாலும் அந்தக் காலத்தையும் கணக்கில் எடுத்து, பிறகு ஒரு தவணையாவது முழுமையாக ஒதுங்கியிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால் இந்தக் கதிரை மாற்றம் நடந்திருக்காது. எழுத்தில் உள்ள வரம்பும் நிலையானதென்று நம்பிவிட முடியாது: இலங்கையில் சனாதிபதிப் பதவிக்கு இருந்த இரு தவணை வரம்பை 2010 இல் அரசியலமைப்பின் 18 ஆம் திருத்தம் நீக்கியது, 2015 இல் 19 ஆம் திருத்தம் மீண்டும் கொண்டுவந்தது.

எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட வேண்டும் என்பதும் என் வாதமல்ல. கடன் கணக்கையும் கூட்டுறவுத் திணைக்களக் கணக்காய்வையும் அறிந்த ஒருவர் சபையில் இல்லாவிட்டால், புதியவர்கள் முகாமையாளர் நீட்டும் தாளில் ஒப்பமிடுபவர்களாகவே இருப்பார்கள். ஆண்டுதோறும் மூன்றில் ஒரு பங்கினர் விலகி அவ்விடத்துக்குப் புதியவர்கள் வருவதே நிதானமான வழி.

தவணை வரம்பு கதிரையை வெறுமையாக்கும், அதில் யார் அமர்வது என்பதை அது தீர்மானிக்காது. உள்ளூராட்சி மன்றங்களில் நான்கில் ஒரு பங்கைப் பெண்களுக்கு ஒதுக்கும் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் 2018 பெப்ரவரித் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. அதுவரை 'பெண்கள் முன்வருவதில்லை' என்று சொல்லிவந்த கட்சிகள் பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டிணைவு 1995 இல் ஏற்றுக்கொண்ட ஏழு கொள்கைகளில் முதலாவதே பால், சமூகம், இனம், அரசியல், மதம் என்ற பாகுபாடின்றி அங்கத்துவத்தைத் திறந்துவைப்பதுதான். அதில் 'சமூகம்' என்பது யாழ்ப்பாணத்தில் எதைக் குறிக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. எங்கள் சபையின் பெயர்ப்பட்டியலை எந்தெந்த வீதிகளில் இருந்து வந்தவர்கள் நிரப்புகிறார்கள் என்று பார்த்தாலே போதும். கூட்டத்தை வேலைநாள் காலையில் வைக்கும்வரை தோட்டத்துக்கும் கடலுக்கும் கூலிக்கும் போகிறவர்கள் அதற்கு வரப்போவதுமில்லை.

கடைக்கும் வங்கிக்கும் தயங்காமல் போகலாம். பங்கு எடுப்பவர்கள் துணைவிதிப் பிரதி ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அது கருமபீடத்தில் கிடைக்காது, பொது முகாமையாளரின் அலுவலகத்தில் எழுத்தில் கேட்க வேண்டும்.