அரை நாள் வேலைக்கு யார் வருவார்?

காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய வீட்டில் இப்போது நானும் மனைவியும்தான் குடியிருக்கிறோம். பங்குதாரர்கள் 11 பேர். ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள். இரண்டு வருடமாக வீட்டு வேலைகளில் பாதியை நானே செய்கிறேன், மீதிக்கு ஆள் வைக்கிறேன். இரண்டில் எது மேல் என்று கேட்டால், நாமே செய்வது என்றுதான் சொல்வேன். ஒரு சுவர் மட்டும் என்னைத் தோற்கடித்தது.

கூலி மிச்சம், கைத்திறன் குறைவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு முடிவைச் சொன்னது தகர வாய்க்கால்.

வளவை, அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றி நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் அதில்தான் இறங்குகிறது. வேப்பிலைச் சருகும் காக்கை கொண்டுவந்த குச்சியும் ஒரு மூலையில் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வழிந்து சுவரில் இறங்கும். எடுத்துப் போட ஒரு மணி நேரம் போதும். அதற்கு ஆள் தேடி மூன்று வாரம் அலைந்தேன். கடைசியாகக் கொத்தனார் ஒருவர் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்: "தம்பி, இந்தச் சருகை அள்ள ஏணியத் தூக்கிட்டு வந்தா எனக்கு அன்னைக்குப் பொழப்பு போயிரும். பெரிய வேலை இருந்தா சொல்லுங்க." அவர் சொன்னது நியாயம். ஆனால் ஐப்பசி மழை அவருக்காகக் காத்திருக்காதே! சின்ன வேலை பெரிய வேலையாகும் வரைக்கும் ஆள் வரமாட்டார், பெரிய வேலையானபின் பணம் போதாது. இந்தச் செட்டிநாட்டு வட்டாரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது 2014-இல். இங்கே வாய்க்காலில் சருகு எடுக்க ஆள் கிடைப்பதில்லை.

அப்புறம் பங்காளி விவகாரம். ஆள் வைத்தால் அது பொதுச் செலவு, 11 பேரும் சரி சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு ஜன்னல் கதவுக்கு மட்டும் வாட்ஸாப்பில் எட்டு நாள் பேச்சு ஓடியது. நானே எண்ணெய் போட்டு, கீல் மாற்றி மாட்டிவிட்டுப் படம் அனுப்பினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பராமரிப்பு என்பது வருடத்துக்கு ஐம்பது சின்ன வேலை. ஐம்பது தடவை அனுமதி கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

தரையும் என் கணக்கில்தான். துடைக்க வந்த ஒருவர் கறை போக வேண்டும் என்று ஆத்தங்குடிக் கல்லில் ஆசிட் ஊற்றிவிட்டார். அது சிமென்டும் நிறக்கலவையும் சேர்ந்த கல், அமிலம் பட்டால் அரித்துவிடும். பட்டாலை என்கிற கூடத்தில் ஒரு சிவப்புப் பூ இன்னும் வெளுத்துக் கிடக்கிறது. இப்போது நான் வெறும் தண்ணீரில் துடைத்து, எப்போதாவது இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தேய்க்கிறேன். நடக்க நடக்கத்தான் அதற்கு மினுமினுப்பு வருகிறது. இதை ஆளிடம் விட்டால் பக்கத்திலேயே நிற்க வேண்டும். நிற்கிற நேரத்தில் நானே துடைத்துவிடலாம்.

சரி, அந்தச் சுவர். முகப்பில் பூச்சு உரிந்த இடத்தில் கடையில் வாங்கிய சிமென்ட் பட்டியை (சுவரை வழவழப்பாக்கும் மாவு) குழைத்து இழைத்துவிட்டேன். வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. முதல் மழைக்காலம் முடிவதற்குள் உப்புப் பூத்து, அப்பளம் போல் பொரிந்து, பக்கத்தில் நன்றாக இருந்த பூச்சையும் பிய்த்துக்கொண்டு விழுந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் அடித்தால் வெளியே விடும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. இந்தப் பூச்சுக்குச் சுண்ணாம்பை ஊறவைத்து அரைக்க வேண்டும், கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்க்க வேண்டும், மேல் பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு வேண்டும், கடைசியில் கல்லால் தேய்த்து மெருகேற்ற வேண்டும். படித்துவிட்டுச் செய்கிற காரியம் இல்லை, கை பழக வேண்டும். இதற்குக் கொத்தனார்தான், அதிலும் சுண்ணாம்பு தெரிந்த கொத்தனார். மின்சார வயரிங்கிலும் நான் கை வைப்பதில்லை.

நாட்டு ஓடு மாற்றுவது பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. விளிம்பில் ஏழெட்டு ஓடு மாற்றியிருக்கிறேன், ஒழுகவில்லை. நடுக்கூரையில் ஏறியதில்லை, மனைவி ஏறவும் விடமாட்டாள்.

முகப்புத் திட்டு அப்படியேதான் இருக்கிறது. தை பிறந்ததும் வருவதாகக் கொத்தனார் சொல்லியிருக்கிறார். சுண்ணாம்பை மட்டும் இப்போதே வாங்கித் தொட்டியில் ஊறப் போடச் சொன்னார், போட்டிருக்கிறேன்.