எறிந்து கொடுக்கும் பயிற்சியா, ஆட்டம் போன்ற பயிற்சியா?

அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழக ஆண்கள் வாலிபால் அணிக்கு 1999, 2001இல் தேசியக் கல்லூரிப் பட்டம் வாங்கித் தந்த கார்ல் மெகௌன், உடலசைவுக் கற்றலை, அதாவது உடல் புதிய அசைவுகளை எப்படிக் கற்கிறது என்பதை, பாடமாக நடத்திய பேராசிரியர். அந்த அறிவைத்தான் களத்துக்குக் கொண்டுவந்தார்.

வழக்கமான முறையில் பயிற்சியாளர் வலையோரம் நின்று பந்தை எறிவார். வீரர் ஒரே இடத்தில் 30 பாஸ் (சேர்த்த முன்கைகளால் பந்தை வாங்கித் தன் அணிக்குத் தருவது) எடுப்பார். பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் சர்வ் போடுபவரின் தோளையும் கையையும் பார்த்துப் பந்து எங்கே விழும் என்று கணிக்கப் பழகுவதே இல்லை. மேட்சில் சுழலாமல் வரும் ஃப்ளோட் சர்வ் அலைந்து வரும்போது கால் தாமதமாக நகரும். பந்து ஒரு கையில் மட்டும் பட்டு வெளியே தெறிக்கும்.

மெகௌன் வலியுறுத்தியது ஆட்டம் போன்ற பயிற்சியை: எதிர்ப்பக்கத்திலிருந்து நிஜமான சர்வ், பிறகு பாஸ், செட் (ஸ்மாஷுக்காகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பது), ஸ்மாஷ். இதில் தவறுகள் அதிகம், ஒருவருக்குப் பந்து கிடைப்பதும் குறைவு. ஆறு பேருக்குப் பதில் இருவர், மூவராகப் பிரித்து ஆடவிட்டால் அந்தக் குறை பெரும்பாலும் தீரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு திருத்தம் சொல்லுங்கள், உதாரணமாக "முழங்கையை மடக்காதே". மூன்று சொன்னால் ஒன்றும் நிற்காது.

கை சேர்க்கவே தெரியாத புதியவருக்கு முதல் சில நிமிடம் எறிந்து கொடுக்கலாம். கல்லூரி அணிக்கு அது வீண் நேரம்.