துணி காயப்போட: மாடிக் கொடியா, மடக்கு ஸ்டாண்டா, கப்பி ஹேங்கரா?

இரண்டு அறை, ஒரு சின்ன பால்கனி, நாலு பேர் என்று இருக்கும் வீட்டில் வாஷிங் மெஷின் வாங்குவது அரை நாள் வேலை. துவைத்ததை எங்கே காயப்போடுவது என்பதுதான் தினப்படித் தலைவலி. வழி மூன்று. மொட்டை மாடியில் கொடி கட்டலாம், கூடத்தில் மடக்கு ஸ்டாண்ட் விரிக்கலாம், பால்கனிக் கூரையில் கப்பி வைத்த ஹேங்கர் மாட்டலாம். மூன்றையும் புழங்கிப் பார்த்து எங்கள் வீடு நின்றது கப்பி ஹேங்கரில். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

மாடிக் கொடிக்கு வெயில்தான் பலம். பங்குனி, சித்திரையில் பருத்திச் சட்டை ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். போர்வை, தலையணை உறை, கைக்குழந்தைத் துணி இவற்றுக்கு வெயிலுக்கு நிகராக வேறெதுவும் இல்லை. சாயத் துணியை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் போட வேண்டும், காற்றடித்தால் கிளிப் வேண்டும், காக்கை உட்கார்ந்தால் மறுபடி துவைக்க வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

பலரும் கவனிக்காமல் விடுவது கொடியின் இழுவையை. கொடி தொய்கிறது என்று நாம் ஒவ்வொரு முறையும் இறுக்கிக் கட்டுகிறோம். 5 மீட்டர் கொடியில் 10 கிலோ ஈரத் துணியைப் பரவலாகப் போட்டு, நடுவில் 30 செ.மீ. தொய்வு விட்டால் இரண்டு முனையிலும் பக்கவாட்டு இழுவை சுமார் 21 கிலோ. அதே துணிக்கு 15 செ.மீ. தொய்வுதான் வரவேண்டும் என்று இறுக்கினால் இழுவை 42 கிலோ ஆகிவிடும். கைப்பிடிச் சுவரில் அடித்த கொக்கி ஒரு நாள் காரையோடு பெயர்ந்து வருவது இதனால்தான். கொடிக்குத் தொய்வு வேண்டும். துணி தரையைத் தொடுகிறது என்றால் கம்பத்தை உயரமாக்குங்கள், அல்லது நடுவில் ஒரு கவைக்கம்பு முட்டுக் கொடுங்கள். இறுக்குவது வழியில்லை.

கயிற்றைப் பொறுத்தவரை சாதா நைலான் ஈரத்தில் நீளும், வெயிலில் நாள்பட்டால் விரலில் தூள் ஒட்டும். பிளாஸ்டிக் உறை போட்ட இரும்புக் கம்பி பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் கிளிப் கவ்வும் இடத்தில் உறை வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கி, வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும். ஒரு நாள் வெள்ளைச் சட்டைத் தோளில் பழுப்புக் கோடு விழுந்த பிறகுதான் தெரியவரும். அந்தக் கறைக்கு பிளீச்சிங் போடாதீர்கள், கறை இன்னும் அழுத்தமாகும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து அலசினால் பெரும்பாலும் இறங்கும். மாடியில் கொடிதான் என்று முடிவு செய்தால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியே போடுங்கள்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் மாடிக் கொடி கைகொடுக்காது. அப்பார்ட்மென்ட் என்றால் மாடி பொது, நமக்கு வாய்க்கும் இடமும் நேரமும் அடுத்த வீட்டார் கையில். ஈரத் துணி வாளியோடு இரண்டு மாடி ஏறுவது வயதானவர்களுக்கு ஆகிற வேலையும் இல்லை.

மடக்கு ஸ்டாண்டை வாடகை வீட்டுக்காரர்களுக்குத் தயங்காமல் சொல்வேன். துளை போட வேண்டாம், வீடு மாறினால் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம், மழை நாளில் ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போடலாம். விரித்தால் ஒரு கட்டில் இடத்தை அடைக்கும் என்பதுதான் குறை. எட்டுக்குப் பத்து அறையில் அது விரிந்திருக்கும் வரை குழந்தை தரையில் உட்கார்ந்து விளையாட இடமிருக்காது. வாங்கும்போது கம்பியைப் பார்ப்பதைவிட மூட்டைப் பாருங்கள். பிளாஸ்டிக் மூட்டுகள்தான் முதலில் விரிசல் விடும். கம்பியும் கம்பியும் சேரும் வெல்டிங் புள்ளிகளில்தான் துரு தொடங்கும்.

இனி கப்பி ஹேங்கர். பழைய வீடுகளில் உத்தரத்திலிருந்து இரண்டு கயிற்றில் மூங்கிலைத் தொங்கவிட்டு, மடித் துணியை நீளக் கோலால் எடுத்துப் போடுவார்களே, அதே ஏற்பாடுதான். மூங்கிலுக்குப் பதில் வரிசையாக ஆறு பைப், கோலுக்குப் பதில் கப்பி. பைப்பைக் கீழே இறக்கித் துணி போட்டு மேலே ஏற்றிவிட்டால் தலைக்கு மேலே துணி, கீழே பால்கனி காலி. கூரை இருப்பதால் சாரல் அடிக்காத வரை மழைக்குப் பயமில்லை. சின்ன வீட்டில் தரை காலியாக இருப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் இது உழைப்பதும் ஒரே வருடத்தில் தொங்கிப்போவதும் மாட்டுகிற விதத்தில் இருக்கிறது. கடையில் பைப் எத்தனை, ஸ்டீலா அலுமினியமா என்றுதான் பேச்சு ஓடும். பைப் கெட்டு நான் பார்த்ததில்லை. கெடுவது கூரையில் பிடிக்கும் போல்ட்டும் கப்பியில் ஓடும் கயிறும்.

கப்பிகளைத் தாங்கும் பிராக்கெட் இரண்டு பக்கமும் உண்டு. இரண்டிலும் ஒரே சுமைதான் என்று நினைத்து ஆட்கள் ஒரே மாதிரி திருகிவிட்டுப் போவார்கள். கணக்கு அப்படியில்லை. ஆறு பைப்பிலும் தலா 4 கிலோ ஈரத் துணி, ஆக 24 கிலோ என்று வையுங்கள். ஒவ்வொரு முனையிலும் 12 கிலோ தொங்குகிறது. கயிறு கட்டும் கொக்கி எந்தப் பக்கச் சுவரில் இருக்கிறதோ, அந்தப் பக்க பிராக்கெட் வழியாகத்தான் இரு முனைக் கயிறுகளும் கீழே இறங்குகின்றன. அதனால் அதன் மேல் தன் பக்கத் துணியின் 12 கிலோவும், கொக்கிக்கு இறங்கும் கயிறுகளின் 24 கிலோவும் சேர்ந்து 36 கிலோ விழுகிறது. எதிர்ப்பக்கம் கீழ்நோக்கி வெறும் 12 கிலோ. மூன்று மடங்கு வித்தியாசம். எப்போதும் கொக்கிப் பக்க திருகுதான் முதலில் இறங்கும், காரணம் இதுதான்.

சுவரில் ஆணி பக்கவாட்டில் நிற்கிறது, சுமை அதை வளைக்கப் பார்க்கும். கூரையில் சுமை திருகை நேராகக் கீழே பிடுங்குகிறது. பிளாஸ்டிக் ராவல் பிளக் இந்தப் பிடுங்கலுக்கு ஆகாது, மெல்ல மெல்ல வழுக்கி இறங்கும். துளைக்குள் விரிந்து பிடிக்கும் இரும்பு ஆங்கர் போல்ட்தான் வேண்டும். டப்பாவில் பிளாஸ்டிக் பிளக் கொடுத்திருந்தாலும் அதை ஒதுக்கிவிட்டு, ஆங்கர் போல்ட் தனியாக வாங்கி வையுங்கள். துளை அதன் அளவுக்கு ஏற்றபடி, பூச்சைத் தாண்டிக் காங்கிரீட்டுக்குள் குறைந்தது 40 மி.மீ. போகவேண்டும். பூச்சில் மட்டும் பிடித்தால் பூச்சோடு வரும். துளை போடும்போது கீச்சென்று சத்தம் மாறி, தூளில் உலோகம் மினுங்கினால் கம்பியில் முட்டிவிட்டது என்று பொருள். அழுத்தாமல் ஓரிரு அங்குலம் தள்ளிப் போடச் சொல்லுங்கள். பால்கனி விளக்கிலிருந்து சுவிட்ச் சுவர் வரை கூரைக்குள் மின்சாரப் பைப் ஓடும், அந்தக் கோட்டில் துளை வேண்டாம். ஃபால்ஸ் சீலிங் பலகையில் மாட்டவே கூடாது. துளையிலிருக்கும் தூளை ஊதி எடுத்த பிறகுதான் போல்ட்டைத் தட்ட வேண்டும், தூள் இருந்தால் போல்ட் விரிந்து பிடிக்காது.

பிராக்கெட் இரண்டுக்கும் உள்ள இடைவெளி பைப்பின் நுனித் துளைகளுக்கு நேர் மேலே வரவேண்டும். குறுகலாகவோ அகலமாகவோ போனால் கயிறு சாய்ந்து இறங்கி, கப்பியின் விளிம்பில் உரசும். ஆள் போவதற்கு முன் ஒவ்வொரு பைப்பிலும் இரண்டு ஈரப் போர்வையைப் போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒரு ராத்திரி விட்டு, காலையில் பிராக்கெட்டுக்கும் கூரைக்கும் நடுவே முடியளவு இடைவெளி தெரிந்தாலும் மறுபடி போடவேண்டும்.

அடுத்தது கயிறு. பைப் மேலே ஏறி நிற்கும்போது கயிற்றின் ஒரே இடம்தான் தினமும் கப்பியில் மடங்கி நிற்கிறது. அந்த ஓர் அங்குலத்தில் முதலில் பஞ்சு பஞ்சாகச் சிலும்பும், பிறகு பின்னல் பிரிந்து உள்ளிழை தெரியும், பிறகு ஒரு நாள் ஒரு முனை அறுந்து பைப் சாய்ந்து தலையில் விழும். இதற்குச் செலவில்லாத வழி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னால் ஆவணி, புரட்டாசியில், பைப் பக்கத்து முடிச்சுகளை அவிழ்த்து இரண்டு கயிற்றையும் ஆறு அங்குலம் உள்ளே இழுத்துக் கட்டுங்கள். தேயும் இடம் நகர்ந்துவிடும், கயிறு இன்னும் சில வருடம் வரும். மீந்த நுனியை வெட்டி, தீக்குச்சியால் உருக்கி அடைத்துவிடுங்கள். உள்ளிழை தெரிந்துவிட்டால் நகர்த்திப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். ஒன்பதரை அடிக் கூரை, ஆறடி பைப், ஐந்தடி உயரத்தில் கொக்கி என்றால் ஒரு பைப்புக்கு 9 மீட்டர் கயிறு பிடிக்கும். கொக்கிப் பக்க முனைக்குச் சுமார் 11 அடி, எதிர் முனைக்கு 17 அடி. பின்னல் நைலானே வாங்குங்கள், முறுக்குக் கயிறு கப்பியில் திரும்பித் திரும்பிச் சிக்கும்.

அந்தக் கொக்கி ஐந்தடிக்குக் கீழே இருக்கவே கூடாது. சிறு குழந்தை இருக்கும் வீட்டில் தொங்கும் கயிற்று வளையம் கழுத்தில் மாட்டும் ஆபத்து நிஜமானது. பைப்பை ஏற்றியதும் மீதிக் கயிற்றைச் சுருட்டிக் கொக்கியிலேயே மாட்டிவிடுவதை வீட்டில் எல்லோரும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

கப்பி ஹேங்கரின் உண்மையான குறை, காற்று போதாமை. ஆறு பைப்பும் நெருக்கமாக இருப்பதால் எல்லாவற்றையும் நிரப்பி ஒரே உயரத்தில் ஏற்றினால் நடுவில் இருப்பது ராத்திரி வரை சொதசொதவென்றே இருக்கும். ஒரு பைப் உச்சியில், அடுத்தது ஓரடி தாழ, மறுபடி உச்சியில் என்று மாற்றி மாற்றி நிறுத்துங்கள். போர்வையை ஒரே பைப்பில் இரட்டையாகப் போடாமல், ஒன்றுவிட்டு ஒரு பைப்பில் பந்தல் மாதிரி விரித்தால் அடியிலும் காற்று புகும். மெஷினில் ஸ்பின் இன்னொரு முறை ஓட்டுவது அடைமழையில் பெரிய உதவி. கீழ்வீட்டு பால்கனியில் சொட்டுகிறது என்ற பேச்சும் வராது.

ஈரவாடையும் இதோடு சேர்ந்த விஷயம்தான். காய்ந்த பிறகும் துண்டில் ஒரு முடை நாற்றம் நிற்குமே, அதற்கு மொராக்செல்லா ஆஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியா முக்கியக் காரணம் என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். துணி மெதுவாகக் காயும்போது அது பெருகுகிறது. வாசனைத் திரவம் ஊற்றினால் நாற்றம் மறையுமே தவிர கிருமி அப்படியே இருக்கும். துண்டை வெந்நீரில் நன்றாக ஊறவைத்து அலசி, ஒரு நாள் முழு வெயிலில் போட்டால் போகும். ஆகையால் கப்பி ஹேங்கர் மாட்டினாலும் மாடியில் ஒரு கொடியை விட்டுவையுங்கள். வாரம் ஒருமுறை துண்டும் போர்வையும் அங்கே போகட்டும்.

ரிமோட்டில் ஏறி இறங்கும் மோட்டார் வகையும் வந்திருக்கிறது. கை தூக்க முடியாதவர்களுக்கு அது வசதிதான். கூரை வரை மின்சார இணைப்பு கொண்டுபோக வேண்டும், கரண்ட் போனால் துணி மேலேயே நிற்கும். கடற்காற்று அடிக்கும் பால்கனியில் அந்த மோட்டார் எத்தனை மழைக்காலம் தாங்கும் என்று உறுதி சொல்லுமளவு நான் அதைப் புழங்கியதில்லை. வாங்குவதானால், மோட்டார் கெட்டாலும் கையால் இறக்க வழி இருக்கிறதா என்று கடையிலேயே இறக்கிக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.